எட்டும் கோலும் துடைக்கும் கோலும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டின் பின்புறம் முருங்கை மரம் வைத்திருப்பவர்களுக்கு நான் பேசப்போகும் பொருள் பாதி தெரிந்ததே. தொரட்டியின் நுனி காயைத் தொட்டுவிடும். ஆனால் கொக்கியை மாட்டித் திருகுவதற்குள் அது இரண்டு முறை விலகிப் போய்விடும். எட்டுவது வேறு, எட்டிய இடத்தில் வேலை செய்வது வேறு. பினாங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைத்து வரும் நான், நீளமான கோல் வாங்க யோசனை கேட்பவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

தொழிலில் நாங்கள் இதனை 'வாட்டர் ஃபெட் போல்' என்போம். இங்கே தண்ணீர்க் கோல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்திருக்கும் குழாய்களை வெளியே இழுத்து, ஒவ்வொரு மூட்டையும் கிளாம்பால் இறுக்கினால் கோல் நீளும். மெல்லிய குழாய் ஒன்று தண்ணீரை மேலே கொண்டு போகும். நுனியில் இருக்கும் தூரிகையிலிருந்து சுத்திகரித்த தண்ணீர் பீச்சும். துடைப்பவர் தரையிலேயே நிற்கிறார். தவிர்க்க முடியுமானால் உயரத்தில் ஏறுவதையே தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் விதிகள் வலியுறுத்தியது, இந்தக் கோல் அந்நாட்டில் வேகமாகப் பரவ ஒரு காரணம். கொம்தார் போன்ற கோபுரத்துக்கு இது உதவாது. அங்கே கோண்டோலா எனப்படும் தொங்கும் மேடையும், கயிற்றில் இறங்கப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். கடைவீடு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, ஐந்து மாடி அலுவலகம், இவைதாம் இதன் இடம்.

என் தந்தையார் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். இளமரத்தில் குலையை உளியால் குத்தி எடுப்பார்கள். மரம் உயர்ந்த பிறகு, நீண்ட கோலின் நுனியில் அரிவாளைப் பொருத்தி இழுத்து வெட்ட வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மூங்கில் கோல்தான். அலுமினியம் பின்னால் வந்தது. புதுக் கோல்கள் ஸ்டோருக்கு வந்திறங்கிய காலையில், மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடை குறைந்ததைத் தேடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒவ்வொரு கோலையும் முழு நீளத்துக்கு நிமிர்த்தி, ஒருமுறை அசைத்து, கையை நிறுத்திய பிறகு நுனி எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணியிருக்கிறார். கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது சற்றுக் கனமான ஒன்று. "ஆடுற கோலு ஒரு குலைக்கு ரெண்டு வாட்டி இழுக்க வைக்கும்டா" என்று வீட்டில் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். இன்றும் நான் கடைக்குப் போனால், முழு நீளத்துக்கு இழுத்து, தூரிகையையும் மாட்டி, திறந்த வெளியில் நிமிர்த்திப் பார்க்க இடம் தராத விற்பனையாளரிடம் கோல் வாங்குவதில்லை.

இதற்குக் கணக்கும் உண்டு. பொருளும் பருமனும் மாறாத ஒரு குழாயின் நீளத்தை இரட்டித்தால், நுனியில் உள்ள அதே தூரிகையின் எடைக்கு அது 8 மடங்கு வளையும். தன் சொந்த எடைக்கோ 16 மடங்கு வளையும். ஆகவே 10 மீட்டரில் திருப்தியாக இருந்த கோலின் தம்பியை 20 மீட்டரில் வாங்கினால், அது அண்ணனைப் போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீருக்கும் எடை உண்டு: உட்துளை 6 மில்லிமீட்டர் உள்ள குழாய் 20 மீட்டர் உயர்ந்தால், அதில் நிற்கும் தண்ணீர் மட்டுமே அரை லிட்டருக்கு மேல்.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு கட்டடத்தின் முகப்பில் 18 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு கண்ணாடி வரிசை இருந்தது. அதற்காகவே ஒரு நீளக் கோலை வாங்கி, பணம் போட்டுவிட்டோமே என்று மூன்று மாடி வேலைகளுக்கும் அதையே கொடுத்தனுப்பினேன். நுனியிலுள்ள மெல்லிய குழாய்களை மட்டும் நீட்டினாலும், தேவைப்படாத பருத்த அடிக்குழாய்கள் அத்தனையும் கையோடு தொங்கும். இரண்டு மாதத்தில் என் உதவியாளர் ஒருவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகுதான், அடிக்குழாய்களைத் தனியே கழற்றி வைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்கப் பழகினேன்.

எனவே, ஆண்டுக்கு ஒருமுறை வரும் உயரத்துக்காகக் கோல் வாங்காதீர்கள். நாள்தோறும் துடைக்கும் உயரத்துக்கு வாங்குங்கள். மாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் என்று கணக்கிட்டு, ஒரு மாத வேலைகளைத் தாளில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலானவை எந்த உயரத்தில் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். விலைப்பட்டியலில் எழுதியிருப்பது கோலின் நீளமா, பிடித்திருப்பவரின் உயரத்தையும் சேர்த்து எட்டக்கூடிய தொலைவா என்றும் கேளுங்கள். இரண்டு, மூன்று மாடிக்குக் கண்ணாடி இழைக் கோல் போதும், விலையும் குறைவு. அதற்கு மேல் கார்பன் ஃபைபர்தான். கார்பனிலும் மிக விறைப்பான வகை அதிகம் ஆடாது, ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்து அடிபட்டால் எளிதில் விரிசல் விடும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். அலுமினியமும் கடத்தும், நனைந்து அழுக்கேறிய கண்ணாடி இழைக் கோலையும் நம்ப முடியாது. உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் தாவும். தோட்டத்தில் மின்கம்பிக்கு அருகில் நின்ற செம்பனைகளைக் கண்டு என் தந்தையார் அஞ்சியது இதனால்தான். ஜார்ஜ் டவுனின் பின்சந்துகளில் கோலைத் தூக்குவதற்கு முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். பிற்பகலில் இடி முழங்கினால், பாதிக் கண்ணாடி மிச்சம் இருந்தாலும் கோலை இறக்கிவிடுங்கள். மீண்டும் சொல்கிறேன், இடி கேட்டவுடன் இறக்கிவிடுங்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார். தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன். தண்ணீர் 10 மீட்டர் ஏற ஏறக்குறைய 1 பார் அழுத்தம் செலவாகும். ஆகவே உயரமான வேலைக்குக் குழாய் அழுத்தத்தை நம்பாமல் பம்பு வைத்துக்கொள்ளுங்கள். துடைத்த பின் துணி போடுவதில்லை என்பதால், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் வெயிலில் காய்ந்து வெண்புள்ளிகளாக நிற்கும். சவ்வு வடிகட்டியும் அதன் பிறகு பிசின் வடிகட்டியும் அவற்றை நீக்குகின்றன. பிசின் தீர்ந்துபோனதைக் கண்ணால் அறிய முடியாது. காலையில், கரைந்துள்ள உப்பை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்து, அது 0 காட்டிய பிறகே எங்கள் வண்டி புறப்படும். வணக்கம்.