டெஸ்ட் பாஸான செயின் பிளாக் ஏன் வழுக்கியது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சந்தேகம், ஆனால் கொஞ்சம் பெரியது. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பட்டறையில், கையால் செயினை இழுத்துச் சுமை தூக்கும் 2 டன் செயின் பிளாக் ஒன்று இருக்கிறது. நாலு மாதம் முன்னால் இரண்டரை டன் ஏற்றி டெஸ்ட் செய்து சர்டிபிகேட் கொடுத்தார்கள். போன வாரம் ஒன்றரை டன் கியர்பாக்ஸைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால், மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. அப்படியானால் அந்த டெஸ்ட் பொய்யா? மறுபடி லோடு டெஸ்ட் போடலாமா?" கூடவே, சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையா, வருடத்துக்கு ஒரு தடவையா என்றும் கேட்கிறார்.

முதல் வேலையாக அந்த பிளாக்கைக் கழற்றி, 'உபயோகிக்கக் கூடாது' என்று அட்டை கட்டி, பூட்டி வையுங்கள். மெதுவாகத்தானே இறங்குகிறது என்று வேலையை ஓட்டாதீர்கள்.

டெஸ்ட் பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. அன்றைக்கு பிரேக் பிடித்திருக்கும். அப்புறம் யாரோ எண்ணெய் விட்டிருப்பார்கள். என் முதல் சந்தேகம் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். கைச்செயின் ஓடும் சக்கரம் ஷாஃப்டில் மரையோடு உட்கார்ந்திருக்கிறது. தூக்கும் பக்கம் இழுத்தால், சக்கரம் மரையில் உள்ளே நகர்ந்து, இரண்டு உராய்வுத் தட்டுகளையும் அவற்றின் நடுவே இருக்கும் ராட்செட் என்ற பல்சக்கரத்தையும் சேர்த்து நெருக்கும். கையை விட்டதும் சுமை அந்த ஷாஃப்டைத் திருப்பிச் சுற்றப் பார்க்கும். அந்தச் சுற்றலே மரையை இன்னும் இறுக்கிவிடும். ராட்செட் பின்னால் போகாமல் 'பால்' என்கிற சின்ன நாக்கு தடுத்து நிற்கும். தூக்கும்போது டிக் டிக் என்று கேட்கிறதே, அது இந்த நாக்கு பல்லில் விழுகிற சத்தம். அந்தச் சத்தம் நின்றுவிட்டால், நாக்கின் ஸ்பிரிங் போயிருக்கலாம், அல்லது கிரீஸில் ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றிருக்கலாம்.

ஆக, சுமையே பிரேக்கை இறுக்குகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் எல்லாம் தட்டுகளின் உராய்வை நம்பி நிற்கிறது. கைச்செயின் பிளாக்கில் அந்தத் தட்டுகள் காய்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் வேண்டியது சுமை தொங்கும் லோடு செயினுக்கு. மெயின்டனன்ஸ் நாளில் ஹெல்பர் கையில் ஆயில் கேனைக் கொடுத்து "எல்லாத்துக்கும் போடு" என்றால், அவர் கவர் இடுக்கில்தான் முதலில் விடுவார். அவர் மேல் தப்பில்லை, எங்கே விடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. (மின் ஹாயிஸ்டில் எண்ணெயிலேயே ஓடும் பிரேக் வகை உண்டு. அது வேறு கதை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மறுபடி லோடு டெஸ்ட் போட்டால் தெரிந்துவிடாதா? வழுக்குவது தெரியும்தான், ஆனால் அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்தே இரண்டரை டன்னை அதில் தொங்கவிடுவது ஆபத்து. 125 சதவீத டெஸ்ட், அதாவது 2 டன் பிளாக்கில் இரண்டரை டன் ஏற்றுவது, புதிதாக மாட்டும்போதும், சுமை தாங்கும் பாகத்தை மாற்றிய பிறகும் செய்வது. சந்தேகம் வரும்போதெல்லாம் ஓவர்லோடு கொடுத்துப் பார்த்தால், நாமே ஹுக்கையும் செயினையும் சோர வைக்கிறோம்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க வெர்னியர்தான் வேண்டும். செயினை எடுங்கள். ஒரே ஒரு கண்ணியை அளந்தால் வித்தியாசம் கண்ணுக்குப் படாது, அதனால் 11 கண்ணிகளைச் சேர்த்து அளப்பார்கள். 8 மில்லி கம்பி, 24 மில்லி பிட்ச் (ஒரு கண்ணியின் உள்நீளம்) என்றால் புதுச் செயினில் 264 மில்லி வரும். 2 சதவீதம் நீண்டால் கழித்துவிட வேண்டும் என்று உங்கள் பிளாக்கின் கையேடு சொன்னால், கணக்கு 269 மில்லியைத் தாண்டியதும் அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது. செயினைத் தளர்த்தி, கண்ணிகளை நகர்த்தி, அவை ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தையும் பாருங்கள். தேய்வது அங்கேதான், வெளிப்பக்கம் புதுசு போலவே பளபளக்கும். கம்பி கனம் 10 சதவீதம் குறைந்தால், அதாவது 8 மில்லி 7.2 ஆனால், அதுவும் போச்சு. ஒரே உயரத்தில் தினமும் வேலை நடந்தால் செயினின் அந்தத் துண்டு மட்டும் தேயும், எனவே ஓரிடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள்.

ஹுக்கைப் பற்றி ஒரு அனுபவம். ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஹுக்கின் வாயை மூடும் லாட்ச் நுனியில் உட்காராமல் உள்ளே விழுந்து கிடந்தது. லாட்ச் வளைந்துவிட்டது, மாற்றணும் என்றார்கள். அளந்து பார்த்தால் லாட்ச் நன்றாகத்தான் இருந்தது, ஹுக்கின் வாய்தான் விரிந்திருந்தது. எப்போதோ யாரோ அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறார்கள், லாக்புக்கில் ஒரு வரியும் இல்லை. ஹுக்கை உடையாமல் முதலில் விரியும்படியான ஸ்டீலில்தான் அடிக்கிறார்கள், அதனால் நடந்ததை அது காட்டிக்கொடுத்துவிடும். ஹுக்குகளுக்கான அமெரிக்காவின் பி30.10 தரம் வாய் 5 சதவீதம் விரிந்தாலே கழிக்கச் சொல்கிறது. புதிதாக வாங்கிய அன்றே வாயின் அளவை எழுதி வைத்தால்தான் இந்தக் கணக்கு போட முடியும். சூடுபண்ணி அடித்து நேராக்குவது, வெல்டு வைப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, ஆறு மாதமா, ஒரு வருடமா? இந்தக் குழப்பம் ஒரு சொல்லால் வருகிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவில் 'ஹாயிஸ்ட்' என்று வந்தது, அதற்கு ஆறு மாதம். ஆனால் அந்தப் பிரிவே சொன்னது: மேடையோ கூண்டோ இருந்து, அது வழிகாட்டிக் கம்பியில் ஓடினால்தான் ஹாயிஸ்ட். உங்கள் செயின் பிளாக் 29ஆம் பிரிவில், தூக்கும் இயந்திரங்களோடு சேர்ந்தது. அதற்குத் தகுதிபெற்ற நபரின் முழுப் பரிசோதனை 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும், பதிவேடும் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. 2020இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டதால், இன்றைய விதியை உங்கள் பகுதித் தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் 12 மாதம் என்பது குறைந்தபட்சம்தான். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் நான் அதுவரை காத்திருக்க மாட்டேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளை வைத்து பிரேக்கைப் பிரியுங்கள். தட்டுகள் எண்ணெய் குடித்திருந்தால் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போட வேண்டாம், புதுசு வாங்குங்கள். கோத்த பிறகு தகுதிபெற்ற நபர் முன்னால், எடை தெரிந்த சுமையை வைத்து டெஸ்ட் செய்யுங்கள். அப்போது சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். தூக்கியதும் தரைக்கும் சுமைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலில் அளந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்தால் வழுக்கல் மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். பிளாக் தொங்குகிற பீம் இரண்டரை டன்னைத் தாங்குமா என்று அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பிரித்ததும் தட்டுகளை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், என் சந்தேகம் சரிதானா என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.