சில்லறை இல்லை என்றது யார்?

நேயர்களுக்கு வணக்கம். சின்னச் சின்ன அலுவலகங்களில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆளைச் சரியாகத் திசைதிருப்பிவிடும் ஒரு கோளாறைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஓர் அச்சகம். டிசைன் கோப்புகள் எல்லாம் பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்றில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்திருக்கிறார்கள். அடுத்த அறையில் இருக்கும் லினக்ஸ் கணினி, தினமும் காலையில் அதை மவுண்ட் செய்துகொள்ளும், அதாவது தன் ஃபோல்டர் போலவே இணைத்துக்கொள்ளும். ஒருநாள் அது முடியாது என்றுவிட்டது. திரையில், ‘மவுண்ட் எரர் 12, கேனாட் அலோகேட் மெமரி’. அதாவது, நினைவகம் ஒதுக்க முடியவில்லை. விண்டோஸ் கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்; இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை.

நான் போய்ச் சேர்வதற்குள் லினக்ஸ் கணினியின் 4 ஜிபி ராம் 8 ஆகியிருந்தது. செய்தியைப் படித்தால் யாருக்கும் அதுதானே தோன்றும்? ‘ஃப்ரீ’ என்று கட்டளை கொடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

பற்றாக்குறை லினக்ஸுக்கு இல்லை. ‘என் சர்வரில் வளம் போதவில்லை’ என்று சொன்னது விண்டோஸ். லினக்ஸ் அதைத் தன் பாஷைக்கு மாற்றும்போது, தன்னிடம் இருக்கும் பிழை எண்களில் ஏறக்குறையப் பொருந்துகிற 12-ஐ எடுத்துப் போட்டுவிட்டது. அந்த எண்ணுக்கு அங்கே நினைவகம் இல்லை என்று பொருள். தூது வந்தவன் தலையில் பழி.

சரி, விண்டோஸ் பக்கம் போய், நடந்த பிழைகளின் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். சிஸ்டம் பதிவில் 2017 என்ற எண்ணோடு வரிசையாகப் பிழைகள். வருடம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் பிழையின் எண். ‘நான்பேஜ்டு பூல்’ வரம்பைத் தொட்டுவிட்டது என்றது.

அது என்ன பூல்? கடை பீரோவில் லட்ச ரூபாய் இருக்கலாம். ஆனால் கல்லாவில் உட்காரும் பையனிடம் சில்லறைக்கென்று நூறு ரூபாய்தான் கொடுத்திருக்கிறார் முதலாளி. அது தீர்ந்ததும் ‘சில்லறை இல்லை’ என்பான். பொய்யில்லை. வட்டுக்குத் தள்ளாமல் எப்போதும் ராமிலேயே வைத்திருக்க வேண்டிய பகுதிக்குத்தான் நான்பேஜ்டு பூல் என்று பெயர். கோப்பு பகிரும் சேவை அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. விண்டோஸ் 7 வீட்டு மேசைக்கும் அலுவலக மேசைக்கும் செய்தது. அதனால் வரம்பும் கொஞ்சம்தான்.

அந்த வரம்பைத் தளர்த்த, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடங்கள் உண்டு. கை வைக்குமுன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். சர்வீசஸ் பகுதியில் லான்மேன் சர்வர், அதற்குள் பாராமீட்டர்ஸ். அங்கே ‘சைஸ்’ 1 என்று இருந்தால் 3 ஆக்குங்கள். இன்னொன்று, மெமரி மேனேஜ்மென்ட் பகுதியில் ‘லார்ஜ் சிஸ்டம் கேச்’. அதை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும். அப்புறம் கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அதே கணினியில் ஒருவர் உட்கார்ந்து பெரிய படங்களைத் திருத்திக்கொண்டிருந்தால் அவர் வேலை மந்தமாகலாம். ராமில் முதல் பங்கு கோப்புகளுக்குப் போய்விடும்.

இதே குடும்பத்தில் 2011 என்றும் ஒரு பிழை உண்டு. அதற்குப் பார்க்க வேண்டியது, அதே பாராமீட்டர்ஸில் ‘ஐஆர்பி ஸ்டாக் சைஸ்’ என்ற மதிப்பு. வழக்கமாக அது 15. மூன்று மூன்றாக ஏற்றிப் பார்க்கலாம், 50-க்கு மேல் போகாது.

அச்சகக்காரரிடம் இன்னொன்றும் சொன்னேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றிவிடுங்கள் என்று. ‘பார்க்கலாம் சார்’ என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: ‘அந்த ராமைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா?’