இரும்புக்கும் நீருக்கும் நடுவே

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழில் என்னை 'உலோக விஞ்ஞானி' என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஆராய்ச்சிப் பொறியாளன். விஞ்ஞானியிடம் யாரும் திங்கட்கிழமை காலையில் வந்து, "ராத்திரி ஷிஃப்டில் இருநூறு பீஸ் ரிஜெக்ட் சார், மத்தியானத்துக்குள்ள காரணம் வேணும்" என்று நிற்கமாட்டார்கள். என்னிடம் நிற்பார்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பட்டறையில் ஆசாரித் தாத்தா அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதை, அதாவது காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்துக் கெட்டிப்படுத்துவதை, மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். செக்கச்செவேலென்று பழுத்த அரிவாளைத் தொட்டியில் முக்கியதும் சும்மா விடமாட்டார், நீருக்குள்ளேயே இப்படியும் அப்படியும் அலசுவார். ஏன் தாத்தா என்று கேட்டேன். "சும்மா வெச்சா தண்ணி புடிக்காதுடா" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்த விளக்கம் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால், தெளித்த தண்ணீர் உடனே வற்றாமல் முத்து முத்தாக ஓடும், பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவி ஒரு மெத்தைபோல நின்றுவிடுகிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-இல் இதை எழுதிவைத்தார். நீராவி வழியாக வெப்பம் எளிதில் கடக்காது. பழுத்த இரும்பை நீரில் முக்கினால் முதலில் நடப்பதும் இதுதான். அந்த ஆவிப் போர்வை கிழிந்தால்தான் தண்ணீர் இரும்பைத் தொடும், கொதிக்கும், வெப்பத்தை வேகமாக வாங்கும். தாத்தா அலசியது போர்வையைக் கிழிக்க. புறநானூற்றின் 21-ஆம் பாட்டில், பறிபோன கோட்டை கொல்லனின் 'இரும்பு உண் நீரை'விட மீட்க அரிது என்கிறார் ஐயூர் மூலங்கிழார். எனக்கு அந்த வரியோடு ஒரு சின்னத் தகராறு. முதல் சில கணங்கள் இரும்பு நீரை உண்பதே இல்லை!

இனி காருக்கு வருவோம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூணை பி-பில்லர் என்போம். பக்கவாட்டில் மோதல் வந்தால் உயிரைக் காப்பது அதுதான். அதற்கு 1500 மெகாபாஸ்கல் வலிமை வேண்டும். அவ்வளவு முரட்டுத் தகட்டைப் பச்சையாக பிரஸ்ஸில் வளைத்தால் கிழியும், இல்லையென்றால் ஸ்ப்ரிங்பேக் ஆகித் திரும்பிக்கொள்ளும். ஆகவே 600 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும் போரான் எஃகை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, மெத்தென்று இருக்கும்போதே பிரஸ்ஸில் வைத்து, டை என்னும் அச்சை மூடியபடி சில நொடி அழுத்திப் பிடிக்கிறோம். டைக்குள் ஓடும் தண்ணீர் டையைக் குளிர்விக்கிறது, டை தகட்டை ஆற்றுகிறது. வடிவமும் துவைச்சலும் ஒரே அழுத்தில் முடிந்துவிடும். ஸ்வீடனின் பிளான்யா நிறுவனம் 1977-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது ரம்பத்துக்கும் புல்வெட்டும் கத்திக்கும்தான். காருக்கு வந்தது 1984-இல், சாப் 9000-இல்.

நிபந்தனை ஒன்றுதான். நொடிக்கு 27 டிகிரிக்குக் குறையாமல் ஆறவேண்டும். அப்போதுதான் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான உள்ளமைப்பு எஃகில் முழுதாக அமையும். மெதுவாக ஆறினால் அதைவிட மென்மையான பெய்னைட் வந்து சேரும், வலிமை இறங்கிவிடும்.

வேலையில் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஆலையில் ஒரு தூணின் பக்கச் சுவரில் ஒரே ஓர் இடம் மட்டும் மெத்தென்று வந்தது. கடினத்தை விக்கர்ஸ் என்ற அளவில் பார்ப்போம். மற்ற இடமெல்லாம் 470 விக்கர்ஸ், அங்கே 330. நான் உலையைச் சந்தேகப்பட்டேன். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் எல்லாவற்றையும் சரிபார்த்தேன், குறையில்லை. எஃகைச் சந்தேகப்பட்டேன். கடினமாக உதவும் போரான் அதில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான், டைட்டானியம் குறைந்தால் நைட்ரஜன் அதையும் பிடித்துக்கொள்ளும். அறிக்கை சுத்தமாக வந்தது. உலையிலிருந்து பிரஸ்ஸுக்கு ரோபோ எடுத்துவரும் நொடிகளையும் எண்ணினேன். இப்படியே பத்து நாள் போனது.

டை ஃபிட்டர் அண்ணன் ஒருவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. தூரத்திலிருந்தே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், பதினோராம் நாள் கேட்டார்: "சார், ப்ளூ தடவிப் பாத்தீங்களா?" டையில் நீல மை தடவி, தகட்டை வைத்து அழுத்தி எடுத்தோம். தகடு முழுக்க நீலம், அந்த ஓர் இடம் மட்டும் வெள்ளை. அங்கே டை தகட்டைத் தொடவே இல்லை. "போன மாசம் வெல்டு வெச்சு அரைச்சப்பவே சொன்னேன் சார், ரெண்டு நூல் அதிகமா எடுத்துட்டாங்கன்னு."

இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், என்று அண்ணன் ஏற்றித்தான் சொன்னார். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் காட்டியது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்த இடைவெளியில் காற்று நிற்கிறதே! தொட்டியில் ஆவி செய்த வேலையை இங்கே காற்று செய்தது. சுவர்ப்பகுதியில் பிரஸ்ஸின் அழுத்தமும் குறைவாகத்தான் சேரும். தாத்தாவின் 'தண்ணி புடிக்காதுடா' எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பத்து நாளாக இரும்பை ஆராய்ந்தேன், உலையை ஆராய்ந்தேன், இரும்புக்கும் டைக்கும் நடுவில் நிற்பதைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதினேன். மேலாளர் எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, கடைசியில் இணைத்திருந்த ப்ளூ தகட்டின் படத்தில் நின்றார். அன்றே டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அந்தத் தூணிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகள் கொண்டுவந்திருக்கிறேன், கூடவே ஓர் அரம். முன்வரிசையிலிருந்து கைமாற்றுங்கள். ஒன்றை அரம் சட்டென்று கடிக்கும், மற்றது முரண்டு பிடிக்கும். எது எந்த இடத்துத் துண்டு என்று நீங்களே சொல்லுங்கள். விளிம்பில் பிசிர் இருக்கிறது, கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.