மெட்ராஸ் கட்டத்தைப் பிரிண்ட் அடித்து விற்காதீர்கள்!

வணக்கம் மக்களே! முதலில் இந்தச் சட்டையைப் பாருங்கள். 'மெட்ராஸ் கட்டம்', அதாவது நிற நூல்களால் கட்டம் கட்டமாக நெய்த நம் ஊர்த் துணி, என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு வாங்கியது. வெளிப்பக்கம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அழகாகத்தான் இருக்கிறது. இப்போது உள்பக்கத்தைத் திருப்புகிறேன். பார்த்தீர்களா? வெளிறிப்போய்க் கிடக்கிறது. அத்தனையும் பிரிண்ட்! கடையில் துணியைப் புரட்டிப் பார்க்காமல் நான் பில் போட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆன்லைனில் எப்படிப் புரட்டுவது?

விட்டேனா? வீடியோ எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். "டிசைன் அதேதானே மேடம்" என்று பதில் வந்தது. இல்லவே இல்லை! காலர் பக்கம் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். கோடு ஒரு பக்கம் போகிறது, நூல் வேறு பக்கம் சாய்கிறது. நெய்த கட்டத்தில் இப்படி ஆகாது, அங்கே கோடு என்பதே நூல்தான். சாயம் ஏற்றிய நூலைப் பாவில், அதாவது நீளவாக்கில், வரிசை பிடித்து ஓட்டி, குறுக்கே போகும் ஊடையிலும் நிறம் மாற்றி மாற்றி நெய்வார்கள். அதனால்தான் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும். இதையெல்லாம் மெயில் மேல் மெயிலாக எழுதியபிறகு பணத்தைத் தர ஒப்புக்கொண்டார்கள். முழுப் பணம், டெலிவரி சார்ஜோடு! சட்டையை எடுத்துப்போக நாளைக்கு ஆள் வருகிறது, அதற்குள் உங்களிடம் காட்டிவிட நினைத்தேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி மக்கள் இருக்கிறார்கள். நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போன கட்டத் துணியைத் தலைமுறை தலைமுறையாக உடுத்துகிறார்கள். 'இஞ்சிரி' என்பார்கள். பிள்ளை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் சடங்கில் அது இருக்கும். அந்தப் பெண்கள் துணியிலுள்ள சில நூல்களை ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து, மெல்ல உருவி எடுத்துவிடுவார்கள். நூல் போன இடம் சல்லடைபோல் ஆகிவிடும், மிச்ச நூலில் வேறொரு டிசைன் எழும்பி நிற்கும். 'பெலெதே பிதே' என்று பெயர். என்ன பொறுமை வேண்டும் பாருங்கள்! நம் நெசவாளி போட்ட கட்டத்தின் மேல் அவர்கள் கைவேலை. ஒரே துணியில் இரண்டு ஊர். பிரிண்ட் துணியில் நூலை உருவினால் ஓட்டைதான் மிஞ்சும்.

கரீபியன் தீவுகளிலும் இதே துணிதான். செயின்ட் லூசியாவில் அக்டோபர் கடைசியில் கிரியோல் நாள் வரும், அந்தத் தீவு மக்கள் தங்கள் கிரியோல் மொழியையும் பண்பாட்டையும் கொண்டாடும் நாள். அன்றைக்குச் சின்னப் பிள்ளை முதல் பாட்டி வரை மெட்ராஸ் கட்டம்தான். தலையில் கட்டுவதிலும் கணக்கு உண்டு. ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தால் மனசு இன்னும் யாருக்கும் கொடுக்காமல் காலியாக இருக்கிறது, மூன்று முனை என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது!

அட, ஒன்றை விட்டுவிட்டேனே. பக்கத்துத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்புக்கு 1850களில் நம் பக்கத்து ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். ஆனால் துணி அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களின் வழிவந்த பெண்கள் அதை ஏற்கெனவே தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ நெய்தது என்று ஒதுக்கவில்லை, தங்கள் உடுப்பாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இங்கே நாம் என்ன சொல்கிறோம்? "லுங்கித் துணி" என்று முகம் சுளிக்கிறோம்! எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. லுங்கி என்றால் என்ன குறைச்சல்? கல்யாணத்துக்கே இந்தக் கட்டத்தில் சட்டை தைத்துப் போடலாம், நான் போடுவேன்.

சரி, அடுத்த வீடியோவில் கைத்தறிக் கட்டத் துணி ஒன்றில் நானே நூல் உருவிப் பார்க்கப் போகிறேன். துணி வந்துவிட்டது, பிளேடும் வாங்கியாயிற்று. எந்த நிற நூலை உருவலாம், கமெண்ட்டில் சொல்லுங்கள்.