மூன்றாம் கிளாரினெட்டுக்கு ஒரு வேண்டுகோள்

(டெக்சாஸில் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவின் நிகழ்ச்சி முடிந்து வாசலில் நிற்கும்போது நம்மவர்கள் பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, "உன் சோலோ எப்ப கண்ணா?" என்பதுதான். அன்போடுதான் கேட்கிறோம். நாம் வளர்ந்த விதம் அப்படி. நமக்குக் கச்சேரி என்றால் நடுவில் ஒருவர் உட்காரவேண்டும். அரங்கேற்றம் என்றால் அந்த மாலை முழுக்க ஒரே பிள்ளைக்குச் சொந்தம். திருவையாற்றில் ஆராதனைக்கு நூற்றுக்கணக்கானோர் கூடிப் பாடினாலும் எல்லார் வாயிலும் ஒரே மெட்டு. ஆளுக்கொரு மெட்டைப் பிரித்துக் கொடுத்து, எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு என்கிற முறை நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. கோயில் பாடகர் குழுவில் நின்றவர்கள் இங்கே யாராவது இருந்தால் அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பகுதியைப் பாடும் பெண்ணுக்கு மெட்டு பெரும்பாலும் கிடைக்காது. அவள் நிறுத்திவிட்டால் பாட்டு மெலிந்துபோகும்.

நான் வாதாட வந்தது அந்த ஆல்டோவுக்காக, வயோலாவுக்காக, மூன்றாம் கிளாரினெட்டுக்காக, மெட்டை அடியிலிருந்து தாங்கும் பகுதிகளுக்காக. அந்த நாற்காலிகளில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

ஏன் எழுப்புகிறோம் என்பது எனக்குத் தெரியும். இந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கக் கலைப்பாடத்தில் ஒரு கிரெடிட், அதாவது ஓர் ஆண்டுப் படிப்பு, போதும். வாசித்துக்கொண்டே மைதானத்தில் வடிவம் வடிவமாக நடக்கும் அணிவகுப்பு பேண்டில் இருந்தால் உடற்கல்வி கிரெடிட்டும் அதிலேயே கழிந்துவிடும். அதனால் ஒன்பதாம் வகுப்பில் யாரும் தடுப்பதில்லை. அப்புறம்தான் ரேங்க் கணக்கு வருகிறது. பல பள்ளி மாவட்டங்களில் ஏ.பி. என்கிற கல்லூரித் தரப் பாடத்துக்குக் கூடுதல் மதிப்புண்டு, இசை வகுப்புக்குக் கிடையாது. பிள்ளை இசையில் முழு மதிப்பெண் வாங்கினாலும் அவனுடைய ஜி.பி.ஏ. என்கிற சராசரி மதிப்பெண் ஒரு துளி இறங்கும். வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்று 1997-இல் வந்த சட்டம் இருக்கிறது. ஆஸ்டினில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு எல்லை அதைவிடக் குறுகல். ஆகவே உங்கள் பயம் வெறும் பிரமை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு துளிக்குப் பதிலாகப் பிள்ளை எதை விடுகிறான் என்பதை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன்.

கோடை விடுமுறை முடிவதற்கு முன்பே, மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பேண்ட் பிள்ளைகள் ஆளுக்கொரு பெரிய தண்ணீர்க் குடுவையோடு வெயிலில் நிற்கிறார்கள். தரையில் கோடு போட்டிருக்கும். 5 கெஜத் தூரத்தைச் சரியாக 8 காலடியில் நடக்கவேண்டும். ஒவ்வொரு வடிவத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. எந்த அடிக்கு எங்கே நிற்கவேண்டும் என்பது எழுத்தில் இருக்கும். பொதுவாக, ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனவன் போட்டியில் இறங்க முடியாது என்பது 1984 முதல் இங்கே சட்டம். அப்படி ஒருவன் விழுந்தால் மைதானத்தில் அவன் புள்ளி காலியாகக் கிடக்கும், மேலிருந்து பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். அதனால்தான் பேண்ட் அறையின் மூலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கலாம். அவனை யாரும் ஏவவில்லை. தன் பக்கத்துப் புள்ளி காலியாகக் கூடாது என்று அவனுக்கே தோன்றுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வசந்தகாலத்தில், மாநிலப் பள்ளிகளுக்கான போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் இசைப் போட்டி. மாதக்கணக்கில் பழகியதை மேடையில் வாசித்து முடித்ததும் பிள்ளைகளை வேறோர் அறைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே வேறு நடுவர்கள். இதுவரை கண்ணால் பார்த்திராத இசைத்தாள் ஒன்று கைக்கு வரும். ஆசிரியர் சில நிமிடங்கள் விளக்கலாம். பிள்ளைகள் வாயால் பாடிப் பார்க்கலாம், விரலை ஓட்டிப் பார்க்கலாம். கருவியிலிருந்து சத்தம் வரக்கூடாது. பிறகு நேரே வாசிக்கவேண்டும். பாடகர் குழுவான குவயர் பிள்ளைகளோ டோ, ரே, மி என்று ஸ்வரம் சொல்லிப் பாடுவார்கள். சுருதி மாறினால் அந்த டோவும் இடம் மாறும், நம் ஷட்ஜம் மாதிரியே. சரளி வரிசை பாடி வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இது கைவந்த விஷயம். அவர்களே அதைக் கவனித்திருக்கமாட்டார்கள், சொல்லிக் கொடுங்கள். இந்தப் போட்டியில் இன்னொரு நல்ல குணம் உண்டு. ஒரு பள்ளி இன்னொரு பள்ளியைத் தோற்கடிக்கவேண்டியதில்லை. தரத்தைத் தொட்ட எல்லாருக்கும் முதல் நிலை கிடைக்கும்.

அந்த அறையில் மூன்றாம் கிளாரினெட் என்ன செய்கிறாள்? மேலே மெட்டு எங்கே போகிறது என்று கேட்கிறாள். தன் ஸ்வரம் உரத்துவிடாமல், அதே சமயம் காணாமலும் போகாமல் வைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவளோடு சேர்ந்து மூச்செடுக்கக் கூடாது, நீண்ட ஸ்வரத்தில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் முறைவைத்து மாறி மாறி மூச்சு வாங்குகிறார்கள். இன்னொருத்தி எப்போது மூச்சு விடுகிறாள் என்று தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய படிப்பு! வேறெந்த வகுப்பில் இதற்கு இடமிருக்கிறது? சோதனைத் தாளைப் பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடாமல் கையால் மறைக்கத்தானே மற்ற இடங்களில் பழக்குகிறோம்.

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசித்த இசையில்தான் நாம் வளர்ந்தோம். பாட்டின் அடியில் செல்லோ நகர்வதைக் கேட்டு நெஞ்சு நிறைந்திருக்கிறோம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. நம் காதுக்கு அவர்கள் வேலை தெரியும். அந்தக் காதை வைத்துக்கொண்டு நம் சொந்தப் பிள்ளையின் வேலையைக் கேட்காமல் போகலாமா?

அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் உங்கள் வீட்டுக்கும் வரும். கையெழுத்துப் போடுமுன் பிள்ளையை உட்கார வைத்து, இப்போது பழகும் இசையில் அவனுடைய பகுதியை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். பம், பம் என்று நான்கு ஸ்வரம்தான் வரலாம். பிறகு மே மாத நிகழ்ச்சிக்குப் போய், முழுக்குழுவும் வாசிக்கும்போது அந்த நான்கு ஸ்வரத்தைத் தேடிப் பிடியுங்கள். வாசலில் அவன் வந்ததும், "அந்த இடத்துல உன்னைக் கேட்டேன்டா" என்று சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.