பட்டாளத்துப் பெட்டியில் வந்த கூடை

(தக்கலை அருகே ஓர் ஊர் நூலகத்தில், முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கூடிய மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

கூப்பிட்டவர்கள் போரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் போர் தெரியாது. அப்பா பட்டாளத்தில் இருந்தார், வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார், அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் என்ன வாசனை வரும் என்பது தெரியும். அந்தப் பெட்டியில் வந்த கூடை ஒன்று வீட்டில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

நம் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். பிற்பாடு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையைப் பழக்கி, இதே உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடத்தினார். 1777இல் இறந்தார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. பீரங்கி வார்த்த கதை நமக்கு நன்றாகத் தெரியும். சுட்டுமுடித்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடு பூச்சாடியான கதையை யாரும் இங்கே சொல்வதில்லை.

முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அந்தக் கூடுகள் மலைமலையாகக் குவிந்தன. நல்ல பித்தளை. செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. அடிக்க அடிக்க இறுகும், இறுகினால் விரிசல் விடும். அதனால் சூடுபடுத்தி இளக்கிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே மணலோ தாரோ ஈயமோ நிரப்பிக்கொண்டால் சுவர் ஒடுங்காது. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களின் அரக்கு வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் கூடுகளில் பூ, இலை, ஊர்ப் பெயர், வருஷம் எல்லாம் பொறித்தார்கள். துப்பாக்கித் தோட்டாவில் கடிதம் பிரிக்கும் கத்தி, சிலுவை. ஜெர்மன் குண்டின் மூக்கில் இருந்த அலுமினியத்தில் மோதிரம்.

இவற்றுக்குப் பதுங்குகுழிக் கலை என்று பெயர் வந்துவிட்டது. பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். எதிரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது குழிக்குள் உட்கார்ந்து யார் பித்தளையை அடிப்பார்கள்? சத்தம் கேட்டால் அடுத்த குண்டு அங்கேதான் விழும். பெரிய வேலைகள் பெரும்பாலும் பின்னால் இருந்த பட்டறைகளில் நடந்தன. போர் முடிந்து களத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு விற்பதற்காக ஊர்க்காரர்களும் நிறையச் செய்தார்கள்.

சட்டப்படி பார்த்தால் அந்தக் கூடு அரசாங்கச் சொத்து, திரும்ப நிரப்பிச் சுடலாம். நம் ராணுவத்திலும் கணக்கு கணக்குதான். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் கோக்கா பொறுக்கி எண்ணி ஒப்படைத்தாக வேண்டும். கோக்கா என்றால் காலித் தோட்டா. முன்வரிசைப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், எத்தனை முறை புல்லுக்குள் தேடியிருப்பார்களோ. அதனால்தான் நம் வீடுகளுக்குப் பித்தளைச் சாடி வரவில்லை. கம்பளி பின்னல், நைலான் கயிற்றுப் பை, தீக்குச்சி வீடு, ஆணியடித்து நூல் சுற்றிய மயில், இந்த மாதிரிதான் வந்தன.

அப்பா சிக்னல்ஸ்காரர், பட்டாளத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கிற பிரிவு. பயிற்சி முடிந்தால் தொலைபேசி வயரைச் சுற்றி எடுத்துவிடுவார்கள். துண்டு துண்டாக அறுந்தது மட்டும் கழிவு. அதற்குள்ளே இரும்பு இழையும் செம்பு இழையும் கலந்திருக்கும், வளைத்தால் விரலைக் கிழிக்கும். அதில்தான் இந்தக் கூடையை முடைந்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லித்தரல்ல. கை சும்மா இருக்கமாட்டேன்னுது" என்றார்.

யாரும் சொல்லித்தரவில்லை என்பது முழு உண்மை இல்லை. எங்கள் பாட்டி பனையோலையில் கடவம் என்கிற கூடை முடைகிறவள். அப்பா சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்குக் கிழித்துக் கொடுத்தவர். இந்தக் கூடையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், கடவத்து அடி அப்படியே. லீவில் வந்து கூடையை நீட்டியதும் பாட்டி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன மக்களே, பட்டாளத்துக்குப் போயும் கடவந்தான் முடைஞ்சியா?" என்று கேட்டாளாம். அப்புறம் அவள்தான் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். மீன் வாங்கப் போகும்போது மட்டும் எடுக்கமாட்டாள்.

பிடிபட்ட வீரர்களுக்கு நேரம் இன்னும் அதிகம். நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் வந்த எலும்பைச் சீவிக் கப்பல் பொம்மை செய்து முகாம் வாசலில் விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் இத்தாலியக் கைதிகள் இரண்டு தகரக் கொட்டகைகளைச் சேர்த்துத் தேவாலயமே கட்டினார்கள். விளக்குகள் மாட்டிறைச்சி டப்பாவில் செய்தவை. டொமெனிகோ கியோக்கெட்டி என்ற ஓவியர்தான் தலைமை. 1944இல் மற்றவர்களை முகாமிலிருந்து அனுப்பிய பிறகும், மிச்ச வேலையை முடிக்க அவர் தங்கிவிட்டார். கிளம்புவதைத் தள்ளிப்போட்டாரே என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அது வியப்பாக இல்லை. முக்கால் கூடையை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆளை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

இப்போது ஒரு வேண்டுகோள். கியோக்கெட்டியின் பெயர் நமக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டு ஷோகேசில் இருக்கும் நூல் மயிலைச் செய்தவர் பெயர் உங்கள் பேரனுக்குத் தெரியுமா? அவர் போன மறுவருஷம் அது பழைய சாமானோடு போய்விடும். அந்த மேசையில் அட்டையும் நூலும் வைத்திருக்கிறோம். செய்தவர் பெயர், எந்த ஊரில் வேலை பார்த்தபோது, எந்த வருஷம், எதில் செய்தது, இவ்வளவு எழுதிக் கட்டிவிடுங்கள். செய்தவரே இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். "சும்மா பொழுதுபோகச் செஞ்சது" என்றுதான் முதலில் சொல்வார்கள், விட்டுவிடாதீர்கள். மற்றபடி, யார் வீட்டிலாவது உண்மையான குண்டோ தோட்டாவோ கிடந்தால் துடைத்துக் கொண்டுவர வேண்டாம், தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

கூடை கைமாறி வரட்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. அடியைத் தாங்கிப் பிடியுங்கள்.