பூட்டிய அறையிலும் ‘எங்கள்’ பிதா

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். ஜெபத்துக்கு உயிர் தருவது தனி அறையா, கூடிவரும் சபையா என்ற கேள்வியில் நான் சபையின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரர் வேதாகமத்தில் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தை விரித்து வைத்தார். “உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” ஜெபம்பண்ணச் சொன்ன இயேசு, அதே மத்தேயுவின் 18-ஆம் அதிகாரத்தில் இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் நடுவே இருப்பேன் என்கிறாரே, இது முரண்பாடுதானே என்று கேட்டார். முன்னது கட்டளை, பின்னது வாக்குறுதி மட்டும், ஆகவே அறைக்கே முதலிடம் என்று முடித்தார்.

சரி, அந்த அறைவீட்டு வசனத்துக்கு முந்தின வசனத்தையும் வாசிப்போம். வெளிவேஷம் போடும் மாயக்காரர் ஜெபஆலயத்திலும் வீதிச் சந்திகளிலும் எதற்காக நிற்கிறார்கள்? “மனுஷர் காணும்படியாக.” கர்த்தர் கண்டித்தது அந்த நோக்கத்தைத்தான். லூக்கா 18-இல் வரும் இரண்டு பேரைப் பாருங்கள். வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனும், வரி வசூலிப்பதால் பாவியாகக் கருதப்பட்ட ஆயக்காரனும் ஒரே தேவாலயத்துக்குத்தான் போனார்கள். அங்கே பரிசேயன் ஜெபித்தது எப்படி? “தனக்குள்ளே” என்கிறது வேதம். அவன் பெருமைக்குப் பிறர் காதுகூடத் தேவைப்படவில்லை. மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனோ, அத்தனை பேர் வந்துபோகும் அதே ஆலயத்தில் நின்று நீதிமானாக வீடு திரும்பினான். உள்ளத்துப் பெருமையைக் கதவைப் பூட்டி வெளியே நிறுத்திவிட முடியுமா?

இப்போது அந்த அறைக்குள்ளேயே போவோம். அறைவீடு என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் தாமெயோன். வீட்டுப் பண்டங்களைச் சேர்த்துவைக்கும் அறைக்கும் அதுதான் பெயர். காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று லூக்கா 12-இல் வருகிறதே, அங்கும் இதே சொல்தான். மத்தேயு 6-இன் ஆறாம் வசனத்தில் ‘நீ’, ‘உன்’ என்று ஒருவரிடம் பேசியவர், ஒன்பதாம் வசனத்துக்குள் ‘நீங்கள்’ என்று மாறிவிடுகிறார். கிரேக்க மூலத்திலும் அப்படியே. அங்கே கற்றுக்கொடுத்த ஜெபமோ “எங்கள் பிதாவே” என்று தொடங்குகிறது. முதலிலிருந்து கடைசிவரை அதில் ‘நான்’ இல்லை, ‘எனக்கு’ இல்லை. தானியத்துக்கு நடுவே தன்னந்தனியாக முழங்கால் போடுகிறவனும் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்றுதான் கேட்டாக வேண்டும். பூட்டிய கதவுக்குள்ளும் சபை அவனோடு வந்து நிற்கிறது நடுவர் அவர்களே!

இயேசு அதிகாலையில் வனாந்தரத்துக்குத் தனியாகப் போனாரே என்பார்கள். போனார். ஜெபஆலயத்துக்கோ “வழக்கத்தின்படியே” போனார் என்று லூக்கா எழுதுகிறார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இரவில், வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் சபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் ஜெபித்தார்கள், நான் ‘ஆமென்’ மட்டும் சொன்னேன். அன்றைக்கு என்னால் ஜெபிக்க முடிந்தது அவ்வளவுதான். ஒருவர் ஜெபித்தால் பக்கத்தில் இருப்பவர் புரிந்து ஆமென் சொல்ல முடிய வேண்டும் என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு ஏன் அத்தனை அழுத்தி எழுதினார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கடைசியாக, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே. அந்த இரவில் அவர் தம் சீடர்களில் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போனார். “நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்” என்றார். பிதாவோடு தனியே பேசச் சற்றுத் தள்ளிப் போனவர், லூக்கா சொல்கிறபடி, கல்லெறிதூரம்தான் போனார். திரும்பி வந்து பார்த்தால் மூவரும் தூக்கம். கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன அதே ஆண்டவர் அவர்களிடம் கேட்டார்: “நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?”